எக்செல் தாளும் ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளும்

சென்ற மாதம் என் ஃபோனுக்கு ஒரு எக்செல் தாள் வந்தது. நான்கு நாட்கள், அரை மணி நேரக் கட்டங்கள், ஏழு நிறங்கள். மேலே தலைப்பு: ‘தேங்க்ஸ்கிவிங் வீக்கெண்ட், பலேர்மோ’.

அனுப்பியவள் ஜெசி. நியூ ஜெர்சியில் நர்ஸ். இங்கே இத்தாலியில், பலேர்மோவில் இருக்கும் பிலோமினா அக்காவின் மகள். எனக்கு இரத்த உறவில்லை. ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

அமெரிக்காவில் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, நன்றி சொல்வதற்கென்றே லீவு விடுகிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறையும் கூட்டினால் நான்கு நாள். மற்றவர்கள் வான்கோழி சுடுவார்களாம். ஜெசி விமானம் ஏறுகிறாள்.

“ஆறு வருஷமா அம்மாவை வீடியோவிலதான் பாக்கிறன் மாமா. எல்லா இடத்துக்கும் அவவோடதான் போகவேணும். நீங்கள் ஊர் சுத்தின ஆள்தானே, பிழை இருந்தா சொல்லுங்கோ.”

ஊர் சுற்றியது உண்மைதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்தத் துறைமுகத்தில் பெட்டி இறக்கியிருக்கிறேன். ஒரு குளிர்காலம் முழுக்க, ஜெனோவா கப்பலுக்கு நிற்கும் லாரிகளுக்கு நடுவே படுத்திருக்கிறேன். முதல் வாரம்தான் குளிரும், பிறகு பழகிவிடும். லிபெர்த்தா பகுதியின் பெரிய வீடுகளில் தரை துடைத்தேன், நேபிள்ஸ் போனேன், திரும்பி வந்தேன். ஓரிடத்தில் இரண்டு வருடம் தாண்டினால் எனக்குக் கால் அரிக்கும்.

தாளைப் பார்த்தேன். வியாழன் பகல் வந்து இறங்குகிறாள், அன்று ஓய்வு. வெள்ளி: அரண்மனை, அதற்குள் இருக்கும் தங்கத் தேவாலயம், அம்மாவோடு. சனி: ரயிலில் செஃபலு, கடற்கரை, பழைய தெருக்கள், அம்மாவோடு. ஞாயிறு விடிய விமானம்.

அருமையான திட்டம். ஒரே ஒரு பிழை.

பிலோ அக்கா செய்வது, வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்க்கிற வேலை. அதற்கு இங்கே எப்போது விடுமுறை தெரியுமா? வியாழன் பிற்பகலும் ஞாயிற்றுக்கிழமையும். இந்த நாட்டில் அதுதான் வழக்கம். வியாழன் பின்னேரம் வியா மக்வேதா தெருவுக்கு வந்து பாருங்கள்... நல்ல உடுப்புப் போட்டு, வாசனை பூசி, கையில் ஐஸ்கிரீமோடு நம் பெண்கள் நடப்பார்கள். ஏழு மணியானால் ஒருவரும் இல்லை, வேலை வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஆக, அம்மா ஓய்வாக இருக்கும் நாளில் மகள் தூக்கக் கலக்கத்தில், அல்லது ஆகாயத்தில். மகள் சுற்ற நினைக்கும் நாட்களில் அம்மா, தான் பார்க்கும் கிழவி சிஞ்ஞோராவுக்குச் சூப் சூடாக்கிக்கொண்டிருப்பார். வருட லீவு? அது ஆகஸ்டில், மிலானிலிருந்து சிஞ்ஞோராவின் மகன் வந்து நிற்கும் போதே முடிந்துவிடும்.

பிலோ அக்காவிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

“அவளுக்குச் சொல்லாத தம்பி. டிக்கெட் எடுத்திட்டாள். வியாழன் பின்னேரம் பாப்பன்தானே. நாலு மணித்தியாலம் காணும்.”

ஆறு வருடத்துக்கு நாலு மணித்தியாலம்!

யோசிக்காமல் சொன்னேன், வெள்ளியும் சனியும் அக்காவுக்குப் பதிலாக நான் சிஞ்ஞோராவின் வீட்டில் இருக்கிறேன் என்று. அக்கா சிரித்தார். “நீயோ? ஒரு கோப்பி குடிச்சு முடியுமட்டும் கதிரையில இருக்கமாட்டாய்.”

சிரித்தாலும் அன்றைக்கே மிலானுக்கு ஃபோன் எடுத்தார். மகன் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். அம்மா சாப்பிட்டால் சரி. ஒரு நேரம் சாப்பிடாமல் விட்டாலும் ஃபிலோமினா உடனே வீடு திரும்ப வேண்டும். அவரையும் குறை சொல்ல முடியாது. சிஞ்ஞோராவுக்குத் தொண்ணூற்றொரு வயது. சென்ற வருடம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது வேறொரு பெண்ணை வைத்தார்கள். கிழவி இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் சேலைன் ஏற்ற வேண்டியதாயிற்று.

விமான நிலையத்தில் அம்மாவும் மகளும் சந்தித்ததைப் பற்றிக் கேட்காதீர்கள். நான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டேன்.

வெள்ளிக் காலை அந்த வீட்டுக்குப் போனேன். ஃபிரிட்ஜில் அக்காவின் திட்டம் ஒட்டியிருந்தது. சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாளின் பின்பக்கம், பென்சில் எழுத்து, நிறம் ஒன்றுமில்லை. ஏழரைக்கு மாத்திரை, வெறும் வயிற்றில் அல்ல, ஒரு பிஸ்கட்டோடு. பத்தரைக்குக் கதிரையைப் பால்கனிப் பக்கம் திருப்பு, வெயில் முழங்காலில் படவேண்டும், கண்ணில் படக்கூடாது. இடது காதில் கதைக்காதே, வலது காது. டிவியில் செபமாலை போகும்போது வாய் திறக்காதே. பகல் ஒரு மணிக்குச் சூப், பொடிப் பாஸ்தா போட்டு, கரண்டி சின்னது. இப்படி இருபத்தாறு வரி!

ஜெசியின் எக்செல் தாளை விட இது பெரிய திட்டம் என்று அங்கேயே நின்று வாசித்தபோது தோன்றியது. நான்கு நாள் சுற்றுலாவுக்கு ஏழு நிறம் வேண்டியிருக்கிறது. பதினேழு வருடமாக ஒரு மனுசியை உயிரோடு வைத்திருக்க ஒரு பென்சில் போதுமாம்.

பன்னிரண்டரை வரைக்கும் எல்லாம் ஒழுங்கு. வெயில் முழங்காலில். வலது காது. செபமாலைக்கு வாய் திறக்கவில்லை.

ஒரு மணிக்குச் சூப்பை மேசையில் வைத்தேன். சிஞ்ஞோரா பார்த்தார். கரண்டியைத் தொடவில்லை. ஆறிவிட்டதோ என்று சூடாக்கிக் கொடுத்தேன். இல்லை. உப்புப் போட்டேன். இல்லை. மூன்றாம் தரம் சூடாக்கும்போது ஃபோன் முனகியது. ஜெசி ஒரு படம் அனுப்பியிருந்தாள். தங்கக் கூரைக்குக் கீழே பிலோ அக்கா, தலையை அண்ணாந்து, வாயைத் திறந்தபடி. ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் அந்த அரண்மனையைக் கடந்துதான் பூசைக்குப் போவார். ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை.

மணி இரண்டு. சொன்ன சொல்லின்படி நான் மிலானுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அக்கா அந்தக் கூரைக்குக் கீழிருந்து நேரே இந்த அடுப்படிக்கு வரவேண்டும். நாளைக்குச் செஃபலுவும் இல்லை. கிழவியைப் பட்டினி போட்டுவிட்டுப் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. ஃபோனை எடுத்து நம்பரைத் தேடினேன்.

அப்போதுதான் சிஞ்ஞோரா அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினார்.

“ஏன் நிற்கிறாய்? நான் சாகிறதைப் பார்க்கவா?”

எனக்கு விளங்கவில்லை. லிபெர்த்தா வீடுகளில் நான் பழகிய ஒழுங்கு அதுதானே? அவர்கள் சாப்பிடும்போது சுவரோடு நிற்பது. முடிந்தபிறகு அடுப்படியில், நமக்கென்று ஒதுக்கிய தட்டில், நின்றபடி சாப்பிடுவது. எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. முதல் வீட்டில் ஒரு பார்வை கிடைத்தது, போதும்.

கிழவி, பால்கனிக்கு முதுகு காட்டி நின்ற எதிர்க் கதிரையைக் காட்டினார். “ஃபிலோமினா அங்கேதான் இருப்பாள். உன் தட்டு எங்கே?”

தட்டை எடுத்துவந்து உட்கார்ந்தேன். மிச்சச் சூப்பை ஊற்றினேன். நான் ஒரு வாய் வைத்தேன். அவர் ஒரு வாய் வைத்தார். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். இப்படியே தட்டு காலி. ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

பின்னேரம் அக்கா ஃபோனில் வந்தார். சாப்பிட்டாவா என்பதுதான் முதல் கேள்வி. சாப்பிட்டா என்றுவிட்டு, கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டேன். இருபத்தாறு வரி எழுதினீர்களே, கூட இருந்து சாப்பிட வேண்டும் என்று ஏன் எழுதவில்லை?

அக்கா திருப்பிக் கேட்டார்: “அதையுமா தம்பி எழுதோணும்? ஒராள் தனியச் சாப்பிட்டா மற்றாள் பக்கத்தில இருக்கிறதுதானே.”

இதை என்ன செய்வது? பார்க்காத இடத்துக்குத் திட்டம் போடுகிறவர் ஒன்றையும் விடமாட்டார். அன்றாடம் செய்கிறவரோ முக்கியமானதை எழுதாமல் விட்டுவிடுவார். அது அவருக்கு ஒரு வேலையாகவே தெரிந்திருக்காது. நான் பதினொரு நாட்டில் வேலை செய்தவன். இந்த வரியை எந்த ஊரிலும் என்னிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லும்படி நானும் எங்கும் நெடுநாள் நின்றதில்லை.

சனிக்கிழமை அம்மாவும் மகளும் செஃபலு போனார்கள். கடலில் முழங்கால் வரை இறங்கினாராம் அக்கா, நவம்பரில்! நான் நிற்கவில்லை. ஒரு மணிக்கு இரண்டு தட்டு வைத்தேன். கிழவி மீன் சாப்பிட்டார். என் முள்ளெடுக்கும் திறமையைப் பற்றி மோசமாக ஏதோ சொன்னார்.

பின்னேரம் அக்கா திரும்பி வந்தார். கால் சப்பாத்தில் கடற்கரை மண். சிஞ்ஞோரா அவரைப் பக்கத்தில் இருத்தி, கடல் எப்படி இருந்தது என்று முதலில் கேட்கவில்லை. என்னைக் காட்டி முறைப்பாடு செய்தார்: “இவன் நிறையச் சாப்பிடுகிறான்.” அக்கா ஜெசிக்கு அதைத் தமிழில் சொல்லும்போது கண் கலங்கச் சிரித்தார். ஜெசி வாசலில் நின்று அம்மாவின் முகத்தைப் படம் பிடித்தாள். தங்கக் கூரையை எடுத்ததை விட இது நல்ல படம்.

தன் வியாழன், ஞாயிறு விடுமுறைக் கதையெல்லாம் அக்கா செஃபலுவில் ஜெசியிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. ஞாயிறு விமானத்தில் ஏறியவள் ரோமில் இறங்கியதும் அடுத்த வருடத் தாளை அனுப்பிவிட்டாள். இம்முறை எட்டு நிறம். புதிய நிறம் பச்சை; வெள்ளியும் சனியும், பகல் ஒரு மணிக் கட்டத்தில், ‘மாமா, சிஞ்ஞோரா வீடு’ என்று இருக்கிறது.

அடுத்த நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு எங்கே இருப்பாய் என்று என்னை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது தெரியும். பால்கனிக்கு முதுகு காட்டிய கதிரையில்... உட்கார்ந்திருப்பேன்.