நொட்டாங்கை மூக்கன்

சினிமாவில் வருகிற குடிகார அப்பாக்களுக்கு மட்டும் எப்படியோ நல்ல மகள்கள் வாய்த்துவிடுகிறார்கள். விடிய விடிய அழுதாலும் கண் மை கலையாத மகள்கள். அவர்களில் ஒருத்தி மேல் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

என் அப்பா மூக்கன், இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கவ்வாத்துக்காரர். முற்றிய தேயிலைச் செடியை ஒரே வீச்சில் வெட்டிச் சாய்க்க அவரைப் போல ஆள் கிடையாது. ஆனால் கத்தி பிடிப்பது இடது கையில். அதனால் தோட்டம் முழுக்க அவருக்கு நொட்டாங்கை மூக்கன் என்றுதான் பெயர். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டைத் தொட விடமாட்டார்கள். கோயிலில் தவறி அந்தக் கையை நீட்டிவிட்டால் பூசாரி திருநீறு போடாமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

அந்தக் கையால்தான் குடித்தார். அந்தக் கையால்தான் எங்களை அடித்தார். எனக்குப் பதினொரு வயதில் அம்மா உடப்புசல்லாவையில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள், திரும்பவே இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சோறாக்கக் கற்றுக்கொண்டேன். தட்டை வாங்க அவர் இடது கையை நீட்டினால், தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன்.

ஒரே ஒரு ஆறுதல், சுவரை ஒட்டிக் குடியிருந்த பக்கத்துக் காம்பராவிலும் இதே கதைதான். நாகலெட்சுமிக்கு என் வயது. அவள் அப்பா வீரய்யாவும் என் அப்பாவும் கள்ளுத் தவறணைக்குச் சேர்ந்தே போவார்கள், ஒரே சாக்கடைக் கானில் விழுவார்கள். நானும் அவளும் ஆளுக்கொருவரைத் தூக்கிக்கொண்டு வருவோம். அவளுக்கும் என் கதிதான் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

ஐம்பத்தாறாம் வருசம், குடிக்கு எதிராகப் பிரசாரம் என்று சொல்லி ஒரு வேனில் படம் கொண்டுவந்தார்கள். அந்தி சாய்ந்ததும் கோயில் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டினார்கள். அப்பா வழக்கம்போலப் பிந்தி வந்ததால் முன்னால் இடம் இல்லை. துணிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பார்த்தோம். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி ஓடியது. படத்தில் ஒரு அப்பா குடித்தார், மகளின் கொலுசைப் பிடுங்கினார், அவளை அடித்தார். கடைசியில் அவள் தன்னை அடித்த கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அவர் புட்டியை உடைத்துவிட்டுக் கதறினார்.

மறுநாளிலிருந்து வீரய்யா குடிக்கவில்லை. என் அப்பாவும் மூன்று நாள் தவறணைப் பக்கம் போகவில்லை, நாலாம் நாள் போனார். ஒரு மாதம் கழித்து நாகலெட்சுமி சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்கப்பா வாங்கியாந்தாரு. ஒங்கப்பா இன்னும் திருந்தலையா?" என்றாள்.

வீரய்யா மறுபடி குடிக்க வேண்டும் என்று அன்றைக்கு மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். பொய் சொல்லவில்லை, விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன். அம்மன் காது கொடுக்கவில்லை. யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. வீரய்யா படத்தை முன்னால் இருந்து பார்த்தார், என் அப்பா பின்னால் இருந்து பார்த்தார். நேராகப் பார்த்தால் இவரும் திருந்துவார்.

இரண்டு வருசம் கழித்து அதே படம் ஹட்டனில் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா தெளிவாக இருந்த நேரமாகப் பார்த்து ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போய் முன் வாங்கில் உட்கார வைத்தேன். படத்தில் அந்த அப்பா கிளாசைத் தூக்கியதுமே இவர் நிமிர்ந்தார்.

"ஏன் புள்ள, இவன் சோத்தாங்கையில குடிக்கிறான்?"

"எல்லாரும் அப்பிடித்தானங்கப்பா குடிப்பாங்க."

"அன்னைக்கி நொட்டாங்கையில குடிச்சானே. இது வேற ஆளு."

துணிக்குப் பின்னால் இருந்து பார்த்தால் வலது இடதாகத் தெரியும் என்று காதுக்குள் விளக்கிச் சொன்னேன். அதற்குப் பிறகு படத்தில் அவருக்கு மனமில்லை. முத்தம் கொடுக்கும் இடத்தில் கொட்டகையே மூக்கைச் சிந்தியபோது, அப்பா மட்டும் தன் மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஸ்டேசனில் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கி அந்தப் புள்ள நொட்டாங்கையிலதான் முத்தம் குடுத்துச்சு," என்றார் அப்பா. "அடிச்ச கைன்னும் பாக்கல, நொட்டாங்கைன்னும் பாக்கல. அதப் பாத்துத்தான் மூணு நாளு குடிக்காம கெடந்தேன். நம்ம கையையும் ஒருத்தி தொடுவான்னு நெனச்சேன்."

அந்த மூன்று நாளும் நான் தட்டைத் தரையில்தான் வைத்தேன்.

அந்தக் கை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், வாங்கின் மேல், மல்லாந்து கிடந்தது. உள்ளங்கை முழுக்கக் கத்திக்காய்ப்பு. பிடித்துவிடலாம். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் படத்து மகள் இரண்டு தடவை எனக்குக் காட்டியிருக்கிறாள். ஆனால் என் கன்னத்துக்கு அந்தக் கையை நன்றாகத் தெரியும். என் விரல் அசையவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கையை எடுத்துத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

"நீ ரயில்ல போ புள்ள. நான் பொறவு வாறேன்."

அவர் தவறணைப் பக்கம் போவது தெரிந்தும் நான் கூப்பிடவில்லை. ரயில் வந்தது, ஏறிக்கொண்டேன்.

அவளுக்கென்ன, எந்தக் கையைப் பிடிக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவளை அடித்த கையும் நிஜமாக அடித்திருக்காது. அப்படியிருந்தும், அறுபத்துமூன்றாம் வருசம் அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தி, விறைத்துப்போன அந்தக் கையை நான் முதல்முதலாக எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தபோது, எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. அவள் பிடித்த கை சூடாக இருந்திருக்கும்.