நாலு எண்ணும்போது சொன்ன நிறுத்து

அந்தப் பட்டனை நான்தான் அழுத்த வேண்டும். கல்லூரியின் கடைசி வருடம் முழுக்க எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். ராக்கெட் என்ஜினைப் பற்றவைக்கிற பட்டன். ஆலங்குளம் ரோட்டில் கைவிட்டுக் கிடந்த ஒரு கல்குவாரிக்குள், அந்த என்ஜினைச் சோதிக்க நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு இடம் கட்டிக்கொண்டிருந்தோம். என்ஜின் என்னவோ ஒரு சொம்பு உயரம்தான். அதைப் பிடித்து நிறுத்தக் கான்கிரீட் மேடை, இரும்புச் சட்டம், நாங்கள் பதுங்க மணல்மூட்டைச் சுவர் என்று எட்டு மாதம் வெயிலில் காய்ந்தோம்.

வழிகாட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு என்ஜினியர்கள் வருவார்கள், ஒரு சார், ஒரு மேடம். மேடம் வண்டியை விட்டு இறங்கியதும் தேடுவது எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்தியைத்தான். அவள் ஆலங்குளத்துக்காரி, அப்பாவுக்கு லேத் பட்டறை. இரண்டு அரியர் வைத்திருந்தாள். நான் வகுப்பில் முதல். மேடை எவ்வளவு கனம், சட்டம் எவ்வளவு தாங்கும் என்கிற கணக்கெல்லாம் நான் போட்டது. இருந்தும் மேடம், "இந்த வெல்டு அவ வச்சதா? அப்ப சரி" என்று கடந்து போவார். என் கணக்கை மட்டும் இரண்டு தடவை சரிபார்ப்பார். எனக்கு வயிறு பற்றி எரியும்.

குத்துக்கல்வலசையில் வீட்டுக்கு வந்து புலம்பினால், உம்மா மீன் கழுவிக்கொண்டே, "அவ வீட்டு அடுப்பு எரிஞ்சா ஒனக்கு எதுக்குட்டி கண்ணு கரிக்கி?" என்பாள். நான் கதவை அறைந்து சாத்துவேன்.

பட்டன் அவளுக்கு என்று மேடம் சொன்னார். எனக்குக் காற்றுப் பார்க்கிற வேலை. கம்பு நுனியில் அவளுடைய பழைய ஆரஞ்சுத் துப்பட்டாவைக் கட்டி, அது எங்கள் பக்கமாகப் பறந்தால், தீயும் புகையும் எங்கள் மேல் அடிக்குமுன் நான் "நிறுத்து" என்று கத்த வேண்டும். சோளக்கொல்லைப் பொம்மைக்குக் கொடுக்கிற வேலை! இதற்கா நான் விடிய விடியக் கணக்குப் போட்டேன்?

சோதனைக்களத்தில் ஒரு பழக்கம் உண்டு. அதை மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். சொன்னதும் எரிபொருள் வால்வை மூடிவிட்டு, சொன்னவருக்கு எல்லோரும் கை தட்ட வேண்டும். "தட்டலைன்னா அடுத்த தடவ பயந்துபோய் வாய மூடிக்கிடுவீங்க பிள்ளைகளா" என்றார்.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை. மலையிலிருந்து சாரல் சீசன் காற்று இன்னும் இறங்கவில்லை. இலை அசையவில்லை. பத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார் சார். மணல்மூட்டைகளுக்குப் பின்னால் எனக்கு முன்னே அவள் உட்கார்ந்திருந்தாள். ஆறு என்றபோது கட்டைவிரலைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள், லட்டு எடுக்கப் போகிறவள் மாதிரி. அதைப் பார்த்தேன். நாலு என்றபோது என் வாய் "நிறுத்து!" என்றது.

வால்வை மூடினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் எழுந்து வந்து என் தோளைத் தட்டி, "நல்ல வேளைட்டி" என்றாள். காற்று திரும்பிவிட்டது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சோதனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நிஜமாகவே காற்று வந்துவிட்டது. ஐந்தருவியில் கூட்டம் கூடிவிட்டது, எங்கள் குவாரியில் துப்பட்டா கிழிந்து பறந்தது. சீசன் முடியட்டும் என்றார் மேடம். அதற்குள் அவள் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கும் எரிந்தேன்.

புரட்டாசியில் பட்டனை நான் அழுத்தினேன். என்ஜின் நாலு விநாடி எரிந்தது, குவாரி அதிர்ந்தது, சார் விசில் அடித்தார். எனக்கு ஒன்றும் இனிக்கவில்லை.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். "ஏட்டி, கலக்கிட்டியே! வீடியோவ நூறு தடவ பாத்துட்டேன்" என்று கத்தினாள். அவள் குரலில் துளி வருத்தம் இல்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"அன்னைக்குக் காத்து திரும்பவே இல்லட்டி. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். "அன்னைக்கு எடுத்த வீடியோவச் சாயங்காலமே பாத்தேன். என் துப்பட்டா தொங்கிக்கிட்டுல்லா கெடந்துச்சு."

"பின்ன ஏன் மேடத்துட்ட சொல்லல?"

"சொன்னா, நாளைக்கு நெசமாவே நிறுத்தணும்னு நெனைக்கிறவ, வீடியோவப் போட்டுப் பாப்பாங்களோன்னு வாயே தொறக்க மாட்டா. எவளாவது கருகிப் போவா. போட்டும், ஒரு பட்டன்தான?"

மேடம் ஏன் வந்ததும் அவளைத் தேடினார் என்று அப்போதுதான் புரிந்தது. அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.