அந்தத் தவக்காலத்தில் அவள் விட்டது

நான் கோபக்காரன். ராயபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன் மேலே கேபினில் உட்கார்ந்து கீழே நிற்பவனோடு கத்தித்தானே பேச வேண்டும் என்று அதற்கு ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். வீட்டில் என் மனைவி இரண்டடி தூரத்தில்தான் இருந்தாள்.

அவளுக்கு நாற்பது நெருங்கும்போது முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. ஜாக்கெட் கொக்கி மாட்டவே அரை மணி நேரம் ஆகும். வெறும் மூட்டுவலிதான் என்று இரண்டு வருஷம் தைலம் தேய்த்தோம். மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளை விழுங்கினாள். அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா வாரம் ஒரு நாள், புதன்கிழமை மட்டும் போட மஞ்சள் மாத்திரை கொடுத்தார். தினமும் போட்டுவிடாதே என்று மூன்று தடவை சொன்னார். கண்ட வலி மாத்திரையையும் விழுங்காதே, ரத்தக்கொதிப்பு ஏறும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இது மூட்டோட நிக்காதுங்க. உள்ள ரத்தக்குழாயையும் கெடுக்கும். மத்தவங்களைவிட இவங்களுக்கு மாரடைப்பு சீக்கிரம் வரலாம். நெஞ்சு மட்டுமில்ல, தாடை, தோள், முதுகு, எங்க புதுசா வலிச்சாலும் உடனே சொல்லணும்.”

டாக்டர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள் என்று பஸ் ஏறும்போதே அதை மறந்துவிட்டேன்.

அவள் சொல்லத்தான் செய்தாள். கண் விழித்ததும் வலிக்குது, குடத்தைத் தூக்கினால் வலிக்குது, ஜெபமாலை உருட்டினால் வலிக்குது. சாம்பல் புதனுக்கு முந்தின நாள் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தேன். ஒரே அறைதான் எங்கள் வீடு. அடுப்படியில் அவள் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு முனகினாள். நான் எழுந்து உட்கார்ந்து கத்தினேன்.

“வூட்டுக்கு வந்தா எப்பப் பாத்தாலும் இதே பாட்டு. வலிக்குது, வலிக்குதுன்னு. ஏமே, உனக்கு வேற பேச்சே கிடையாதா?”

அவள் வெந்நீரிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு அரிசி களையப் போனாள்.

மறுநாள் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். தவக்காலம் நாற்பது நாளும் ஆளுக்கு ஒன்றை விடுவது எங்கள் வழக்கம். ஒறுத்தல் என்போம். நான் வருஷா வருஷம் பிராந்தியை விடுவேன், அதுவும் தெருவுக்கே தெரிகிற மாதிரி விடுவேன். ஈஸ்டர் அன்றைக்கு நாற்பது நாளுக்கும் சேர்த்துக் குடிப்பேன். எங்கள் மகள் காபியை விட்டாள். இவள் மட்டும் எதை விட்டாள் என்று சொல்லவில்லை. சொன்னால் பலன் போய்விடும் என்றாள். நெத்திலியை விட்டியா, சீரியலை விட்டியா என்று கிண்டல் செய்தேன். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் நெத்திலி சாப்பிட்டாள், சீரியலும் பார்த்தாள்.

வீடு அமைதியானது. காலையில் முனகல் இல்லை. மஞ்சள் மாத்திரை வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். நடுவில் ஒரு நாள் செக்கப்புக்குப் போனோம். டாக்டரம்மா அவள் விரல் கணுக்களை அழுத்திப் பார்த்துவிட்டு, வீக்கம் அப்படியே இருக்கிறதே, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவளைத்தான் கேட்டார். பதில் சொன்னது நான்.

“இப்பல்லாம் வலியே இல்லம்மா. வாயே தொறக்கிறதில்ல.”

அவள் சிரித்தாள். கிரேன் ரோப்பில் ஒரு இழை அறுந்தால்கூடச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவான் என்று ஹார்பரில் எனக்குப் பெயர்.

குருத்தோலை ஞாயிறு அன்று பவனி கோயிலைச் சுற்றி வந்தது. விரலால் பிடிக்க முடியாததால் ஓலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் ஓலை நழுவியது. அதை எடுக்காமல் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. இன்னாமே என்றேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். மகள் ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு, அதுவும் வந்து ஒரு நாளாவது ஆகியிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். ஆரம்பித்த உடனே வந்திருந்தால் அடைப்பைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம் என்றார். எப்போதிருந்து வலி, எங்கே வலி என்று அவளைக் கேட்டார். அவள் கோணிப்போன விரலால் இடது தோளைக் காட்டினாள், தாடையைக் காட்டினாள். முந்தின நாள் காலையிலிருந்து என்றாள். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு என் முகத்தைப் பார்த்தாள்.

“ஈஸ்டருக்கு இன்னும் ஏழு நாளு கீதேய்யா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது நாளாக அவள் விட்டிருந்தது ‘வலிக்குது’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான். சாமிக்கு ஒப்புக்கொடுத்தாளா, எனக்குப் பயந்து விட்டாளா, தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். பாவி நான், அந்த அமைதியில் நன்றாகத் தூங்கினேன்.

மூன்று நாள் ஐசியுவில் இருந்தாள். கண் மூடுவதும் திறப்பதுமாக இருந்ததில் அவளுக்குக் கிழமை தெரியவில்லை. புதன்கிழமை சாயந்தரம் என்னை உள்ளே விட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் கண்ணைத் திறந்தாள். ஈஸ்டர் ஆகிவிட்டதா என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

“ஆயிடுச்சுமே,” என்றேன்.

வீங்கிய கையை நகர்த்தி என் கை மேல் வைத்தாள்.

“ரொம்ப வலிக்குதுய்யா,” என்றாள்.

மறுநாள், பெரிய வியாழன் காலையில், போய்விட்டாள்.