சிவப்புக் கலர் பெரியப்பா

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவனுக்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வரும், சொல்லுங்கள்.

போன வாரம் பெருமுக்கல்லிலிருந்து பெண்ணின் அப்பா திண்டிவனத்தில் இருக்கும் என் கடைக்கு வந்தார். பந்தியில் ஏதோ தகராறாம். திரையில் தன் அண்ணனைக் காட்டி, "இந்த ஆளு எங்க வந்தாலும் தூக்கிடு தம்பி" என்றார்.

அண்ணன் இருந்த கிளிப் அத்தனைக்கும் 'வேண்டாம்' என்பதற்கு அடையாளமாகச் சிவப்புக் கலர் போட்டு ஒதுக்கினேன். தாலி கட்டும்போது மனிதர் மாப்பிள்ளைக்கு நேர் பின்னால் நிற்கிறார். வேறு வழியில்லாமல் அந்த இடத்தில் மேளக்காரரை வைத்து ஒட்டினேன்.

இன்று காலை அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். "முடிச்ச வரைக்கும் போடு, பாப்போம்" என்றார்கள். போட்டேன்.

"நான் அங்கதான நின்னுக்கினு இருந்தேன்? என்னைக் காணோமே!" என்றார் அண்ணன்.

பெண்ணின் அப்பா என்னை முறைத்தார். "இன்னா தம்பி எடிட்டிங் பண்ற? எங்க அண்ணனையே உட்டுட்டியே!"

பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கிளிப்பாகத் தேடிச் சிவப்பைப் பச்சையாக்கினேன். மேளக்காரர் போனார், பெரியப்பா வந்தார்.

கிளம்பும்போது இருவரும் சேர்ந்தே சொன்னார்கள்: "மாப்பிள்ளையோட தாய்மாமன் இருக்காரே, சரியான பேஜாரு புடிச்ச ஆளு. அவரு எங்க வந்தாலும் தூக்கிடு."

தாய்மாமனுக்கு நான் சிவப்புப் போடவில்லை. மஞ்சள் போட்டிருக்கிறேன். மஞ்சள் என்றால், எப்படியும் அடுத்த வாரம் சேர்ந்துவிடுவார்கள் என்று அர்த்தம்.

எடிட்டர் நண்பர்களே, உங்கள் ஊரில் இதற்கு என்ன கலர்?