ஜெசீமா ரீச்சர் தேடிய நிறம்

போன வெள்ளிக்கிழமை காலை, என்னோடு படிப்பித்த ஜெசீமா ரீச்சரின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "உம்மா மௌத்தாகிட்டா, ரீச்சர். சுபஹ் தொழுதிட்டுச் சாய்ஞ்சவ, பிறகு எழும்பேல்லை." துக்கம் வருவதற்கு முன் எனக்குப் பயம்தான் வந்தது. அவருடைய மூத்த மகளின் ஒரேயொரு படம் நீர்வேலியில், என் வீட்டு அலுமாரியில் இருந்தது. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அவரிடம் கணிதம் படித்தவர்களுக்கும், ஆசிரியர் அறையில் எங்களோடு தேநீர் குடித்தவர்களுக்கும் அவர் எதற்கும் அஞ்சாதவர். அதிபரையே "உதென்ன கதை, சேர்?" என்று மடக்கியவர். அவர் எதற்கு நடுங்கினார் என்பதை நாங்கள் இருவரும் ஓய்வுபெற்ற பிறகுதான் அறிந்தேன்.

தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோனது உள்ளங்கையளவு படம் ஒன்று. ஐந்து வயது மகள் நஸ்ரின் ஸ்ரூடியோவில் ஸ்டூலொன்றில் உட்கார்ந்திருக்கிறாள். புத்தளத்து அகதிமுகாம் கொட்டிலில், காய்ச்சலில், அந்தப் பிள்ளை போய்விட்டது. மகன் பிறந்தது அதற்குப் பிறகு. கணவரும் காலமாகிவிட்டார். நஸ்ரினின் முகத்தை அறிந்தவர் என்று மிஞ்சியிருந்தது ரீச்சர் மட்டுமே. படமோ மஞ்சளும் சிவப்புமாக வெளிறிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பிய பின் அதைப் பெரிதாக்க ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்திருக்கிறார். அவர்கள் வழக்கம்போல முகத்தை வெள்ளையாக்கி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியையும் வைத்தார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிள்ளை விழுந்து நெற்றியில் வெட்டிய தழும்பைக் கலைந்துபோன பொட்டென்று நினைத்து, அழகாக வட்டமாய்த் திருத்திக் கறுப்புப் பொட்டாகவே வைத்துவிட்டார்கள். என்னிடம் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். ரீச்சர் சிரிக்கவில்லை.

"இப்ப கண்ணை மூடினா உந்தப் பொட்டோடைதான் வாறாள். மற்ற முகம் போய்க்கொண்டிருக்கு. எனக்குப் பயமாக் கிடக்கு," என்றார். "இனி வேற ஆரின்ரை கையும் படாமல் நாங்களே வீட்டிலை அடிப்பம்."

அப்படித்தான் இருவரும் பிரிண்டர் வாங்கப் போனோம். நஸ்ரினின் படத்தைக் கடைக்குக் கொண்டுவர மறுத்துவிட்டார். என் கையைத் தொலைபேசியில் படம் பிடித்து, ஒவ்வொரு மிஷினிலும் அடிக்கச் சொல்லி, தாளை என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாலு நிற மை போடும் மிஷினில் கை புள்ளிபுள்ளியாக வந்தது. ஆறு நிற மை போடுவதில் என் கை என் கையாகவே வந்தது. கடைக்காரர் அதைப் பெட்டியில் போடப் போனார். ரீச்சர் போத்தல் தண்ணீரில் விரலை நனைத்துத் தாளின் மேல் இழுத்தார். நிறமெல்லாம் கரைந்து விரலில் ஒட்டியது.

"அம்மா, போட்டோவை ஈரக்கையாலை ஆரும் தொடுவினமோ?" என்றார் கடைக்காரர்.

"நான் தொடுவன். தொழ முன்னம் கைகால் கழுவிப்போட்டுத்தான் அவளை எடுத்துப் பாக்கிறனான்."

கடைக்காரர் இன்னொரு மிஷினை இறக்கினார். அதிலும் ஆறு நிறம். மை தண்ணீரில் கரையவில்லை, மினுக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு. "மினுக்கம் என்னத்துக்கு," என்று ரீச்சர் அதையே எடுத்தார்.

கணினி என்னிடம் இருந்ததால் மிஷினும் என் வீட்டுக்கு வந்தது. படத்தைத் தானாகவே திருத்தும் வசதி ஒன்று திரையில் தெரிந்ததும், "முதல் உதை நிப்பாட்டும்," என்றார். நிறத்தை நாங்களே கூட்டினோம், குறைத்தோம். வெளிறிய படத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை; அவருடைய ஞாபகம்தான் அளவு. முதல் தாளுக்கு, "இன்னும் கறுப்பு வேணும். என்ரை பிள்ளை கறுப்பு," என்றார். இரண்டாவது அளவுக்கு மீறிக் கறுத்துவிட்டது. மூன்றாவதில் சிவப்புக் கூடிவிட்டது. நாலாவதை யன்னலடியில் நெடுநேரம் வைத்துப் பார்த்தார்.

"சரியோ, ரீச்சர்?"

"தெரியேல்லை," என்றார். "முதல் அடிச்சதுதான் சரியோ, அதுவும் தெரியேல்லை. எனக்கே நிச்சயமில்லாமல் போச்சுது. நாளைக்குப் பாப்பம். படம் உம்மிட்டையே கிடக்கட்டும்."

அது வியாழக்கிழமை.

ரீச்சரை அடக்கம் செய்த மூன்றாம் நாள் மகன் என் வீட்டுக்கு வந்தான். பழைய படத்தையும் நாலு தாள்களையும் மேசையில் பரப்பினேன். "இதிலை எது மாதிரி, ரீச்சர், எங்கடை ராத்தா இருந்தவ?" என்று கேட்டான். ரீச்சர் ஊர் திரும்பிய பிறகுதான் எனக்கு அறிமுகம்; அவனுடைய அக்காவை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் தெரியாது என்று சொல்ல முடியவில்லை.

"இதுதான்," என்று நாலாவது தாளைப் பழைய படத்தோடு கொடுத்தேன். இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். இனி நஸ்ரினின் முகம் அதுதான். இல்லையென்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை.

ஜெசீமா ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய அந்தப் பயமும், மற்ற மூன்று தாள்களும். அவற்றில் ஒன்று உண்மையான நஸ்ரினாக இருக்கலாம்.