அகஸ்டின் தொடாமல் வாசித்த பெட்டி

சாந்தோம் அகஸ்டினுக்கு எதைக் கண்டாலும் பயம். மாடு என்றால் பயம், இடி என்றால் பயம், மாமனார் என்றால் பயம். அப்படிப்பட்ட மனுஷன் ஊரைப் பயமுறுத்தியே பிழைத்தார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்.

மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பார். லஸ் கடைத்தெருவில் ஒரு கடையில் ரேடியோ ரிப்பேர் செய்வார். இரண்டு புத்தியும் சேர்ந்துகொண்டு அவரைச் சும்மா இருக்க விடவில்லை. சீமைப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்து, பழைய ரேடியோ வால்வுகளைப் போட்டு ஒரு பெட்டி செய்தார். பெட்டியின் மேல் ஒரு கம்பி. கையைக் கம்பிக்குக் கிட்டே கொண்டுபோனால் சத்தம் உயரும், விலக்கினால் இறங்கும். எதையும் தொட வேண்டாம். ஆனால் விரல் லேசாக அசைந்தாலும் சுரம் வழுக்கிவிடும்.

அடையாற்று ஸ்டுடியோக்காரர் ஒருவர் அதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தார். அவருடைய மாயமந்திரப் படத்தில் பிசாசு வரும் இடமெல்லாம் அகஸ்டினே இசையமைத்து வாசித்தார். படம் நன்றாக ஓடியது. அடுத்த படத்துக்கும் கூப்பிட்டார்கள்.

அதற்குள் நாற்பத்திரண்டாம் வருஷம் பிறந்துவிட்டது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. அகஸ்டினும் ஓடியிருப்பார், படம் கைவிட்டுப் போய்விடுமே என்றுதான் இருந்தார். ஜன்னலை அடைத்துக்கொண்டு, மேலே விமானம் போனால் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு, பிசாசுக்கு ஒத்திகை பார்த்தார்.

தப்பு அங்கேதான் நடந்தது. சத்தம் ஜன்னலைத் தாண்டக்கூடாது என்று பார்த்தாரே ஒழிய, பெட்டியின் அலை சுவரைத் தாண்டி அக்கம்பக்கத்து ரேடியோவில் புகும் என்பது ரேடியோ ரிப்பேர்காரருக்கே உறைக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தோல் வியாபாரி குலாம் ரசூல் சண்டைச் செய்தி கேட்க உட்காரும்போதெல்லாம் ரேடியோ ஊளையிட்டது. எவனோ ஒற்றன் ஜப்பானுக்குச் சேதி அனுப்புகிறான் என்று அவர் போலீசில் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாளில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒரு மத்தியானம் இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிள் வெள்ளைச்சாமியோடு வந்தார். குலாம் ரசூல் வாசலில் நின்றார்.

"என்னய்யா இது? டிரான்ஸ்மிட்டரா?"

"இல்லீங்க சார்... வாத்தியம்."

"தந்தியும் இல்ல, துளையும் இல்ல, வாத்தியமா? சரி, ஒரு பாட்டு வாசி. பாட்டு வந்தா வாத்தியம். வரலேன்னா வண்டியில ஏறு."

யுத்த காலம். அந்த வண்டியில் ஏறினவர் எப்போது இறங்குவார் என்று யாரும் சொல்ல முடியாது. அகஸ்டின் பெட்டிக்கு முன்னால் போய் நின்று சுவிட்சைத் திருகினார். கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் மாதா பாட்டை நினைத்துக்கொண்டு கையைத் தூக்கினார். கை வெடவெடவென்று நடுங்கியது. பெட்டிக்குப் பாட்டு தெரியுமா, மாதா தெரியுமா? அதற்குக் கை மட்டும்தான் தெரியும். வெட்டி வெட்டி, விக்கி விக்கி ஒரு சத்தம் வந்தது. சங்கேதச் சேதி இப்படித்தான் இருக்கும் என்று எவனும் சொல்லுவான்.

மனைவி லூயிசாவுக்குப் பொறுக்கவில்லை. "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று அவர் கையைப் பிடிக்க ஓடிவந்தாள். இன்னொரு உடம்பு கிட்டே வந்ததும் பெட்டி வீலென்று அலறியது. "யா அல்லா!" என்றார் குலாம் ரசூல். இன்ஸ்பெக்டரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

"தள்ளிப் போ லூயிசா, தொடாதே!" என்று அகஸ்டின் கத்தினார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தூக்கிய கையை இறக்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை. கண்ணீர் வழிய அப்படியே நின்றார். சத்தம் வீடு முழுக்க அழுதது.

வெள்ளைச்சாமி பின்வாங்கினார். "சார், வாணாம் சார், நிறுத்தச் சொல்லுங்க! இது அந்த மந்திரவாதி படத்துல வர பிசாசு சார்! டூரிங் கொட்டாயில பாத்துட்டு எம் பொண்டாட்டிக்கு ஜுரமே வந்துடிச்சி. இன்னும் தனியா கொல்லைக்குப் போவ மாட்டேங்கறா!"

இன்ஸ்பெக்டர் அகஸ்டினை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பிசாசு நீதானா?"

"ஆமாங்க சார்" என்று அவர் தேம்பினார்.

ஆளை விட்டார்கள். பெட்டியைச் சண்டை முடிகிறவரை ஸ்டேஷனில் போட்டுவைத்தார்கள்.

அது திரும்பி வந்ததும் ஸ்டுடியோக்காரர்களும் திரும்பி வந்தார்கள். கம்பிக்கு முன்னால் நின்றாலே அகஸ்டினுக்கு அந்த மத்தியானம் வந்துவிடும், கை நடுங்கும். "இந்த நடுக்கம்தான்யா வேணும்!" என்று டைரக்டர்கள் கொண்டாடினார்கள். பிசாசுப் படம் என்றால் அகஸ்டின் என்று ஆகிப்போனது.

லூயிசா அந்தப் படங்களில் ஒன்றுக்குத்தான் போனாள், மாம்பலத்தில், அவரோடு. பிசாசு வந்ததும் கொட்டகையே ஒடுங்கிப்போனது. லூயிசா திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் புருஷனின் கையைத் தேடிப் பிடித்தவள், படம் முடியும்வரை விடவே இல்லை.