மஞ்சள் கோடு போட்ட குடம்

நீல பிளாஸ்டிக் குடம். கழுத்துக்குக் கீழே மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. அந்தக் குடத்தின் போட்டோ எங்கள் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் திரை முழுக்க இருந்தது. வைத்தது அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. பம்மலில் எனக்கு அடுத்த தெரு, ஆபீஸில் பக்கத்து நாற்காலி.

மேற்குத் தாம்பரத்தில், மாடியில் ஆபீஸ். வந்து சேரும் பில்களை ஸ்கேன் செய்து, வேறு ஊரில் இருக்கும் பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பதிவு செய்து தர வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். ஸ்கேனரில் பேப்பர் வைப்பேன், எடுப்பேன். அக்கா பன்னிரண்டாவது. இங்கே வருவதற்கு முன்பு தோல் பதனிடும் ஷாப்பில் வருஷக்கணக்காக ஈரத்தில் நின்றவள். கால் விரல் இடுக்கெல்லாம் புண். டைப்பிங் கற்றுக்கொண்டு இங்கே வந்தாள். "உக்காந்து செய்ற வேலைடி. இத்த வுட்டா எனக்கு இன்னா கீது?" என்பாள். அவளுக்கு அந்த நாற்காலி அவ்வளவு பெரிசு.

தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே அவள் அந்தத் தூரத்துக் கம்ப்யூட்டரைத் திறப்பாள். இங்கிருந்து ஃபைலை எடுத்து அங்கே போடுவாள். அங்கேயே பதிவு செய்வாள். முடித்ததைச் சாயந்திரம் இந்தப் பக்கம் கொண்டு வந்துவிட வேண்டும். அங்கே மூடிவிட்டால் எதுவும் மிஞ்சாது, மறுநாள் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும். தொல்லை என்னவென்றால் இரண்டு திரையும் ஒன்று போலவே இருக்கும். அதே நீலம், அதே பெயரில் அதே பெட்டிகள். எந்தக் கம்ப்யூட்டர் என்று காட்ட மேலே சின்னதாக ஒரு பட்டை வரும், அதுவும் ஒளிந்துகொள்ளும். நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் விளங்காது.

அதற்குத்தான் குடம். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். வரிசையில் எல்லாக் குடமும் நீலம்தான். அதனால் ஆளுக்கொரு அடையாளம் வைப்போம். ஒருத்தி கயிறு கட்டுவாள், ஒருத்தி பொட்டு ஒட்டுவாள், அக்கா மஞ்சள் கோடு. "கொடம் தெரிஞ்சா நம்ம வூடு. தெரியலன்னா அடுத்தவன் வூடு. அவ்ளோதான்" என்று போட்டோவை வைத்துவிட்டுச் சிரித்தாள். அதன் பிறகு அவள் தடுமாறி நான் பார்க்கவில்லை.

மேனேஜர் பார்த்தார். அவருக்கு அஸ்தினாபுரத்தில் சொந்த வீடு, போர் தண்ணீர். குடத்துக்குக் கோடு போடும் தேவை அவருக்கு வந்ததே இல்லை.

"என்னம்மா இது? ஆபீஸா, தண்ணி லாரி ஸ்டாண்டா? கிளையன்ட் வந்தா என்ன நினைப்பான்?"

"அடையாளத்துக்கு சார்."

"அடையாளம் வேணும்னா ஐடி கார்டு இருக்கே, மாட்டிக்கோ."

நாலு பேர் சிரித்தார்கள். பழைய நீலத்தைப் போட்டு, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டுப் போனார்.

மாசக் கடைசி வந்தது. எல்லாரும் முடித்த வேலையை இந்தப் பக்கம் கொண்டு வருவது அக்காவின் பொறுப்பு. மேனேஜர் பின்னாலேயே நின்று, "சீக்கிரம், சீக்கிரம்" என்று நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா காப்பி எடுத்தாள், ஒட்டினாள். ஒட்டிய இடம் நம் பக்கம் என்று நினைத்தாள். அது அந்தப் பக்கத்திலேயே வேறொரு இடம். மூடினாள். எல்லாம் போய்விட்டது.

மறுநாள் அவளை நிறுத்திவிட்டார்கள். "கவனம் இல்லாதவங்களை வெச்சு நான் ஆபீஸ் நடத்த முடியாது" என்றார் மேனேஜர். குடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். அப்போது வராத கோபம் எனக்கு அடுத்த வாரம் வந்தது.

அடுத்த வாரம் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். நம் பக்கத்துத் திரை எல்லாவற்றுக்கும் இனி ஆரஞ்சு நிறம், நீலம் தெரிந்தால் அது அடுத்த பக்கம், இனி தப்பே நடக்காது என்றார். கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

"இத்ததானே சார் அக்கா பண்ணுச்சு?" என்றேன்.

"அது குடம்மா. இது ப்ராசஸ்."

திரும்பிப் போய் ஸ்கேனரில் அடுத்த பேப்பரை வைத்தேன். என் வீடு ஓடுவதும் இந்தச் சம்பளத்தில்தான். ஆனால் ஆரஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறேன். இன்றும் கடித்தேன். அக்காவின் யோசனையை வைத்துக்கொண்டு அக்காவைத் துரத்தினவர் அதே நாற்காலியைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்.

அக்கா மறுபடி தோல் ஷாப்பில் நிற்கிறாள். போன ஞாயிறு லாரி வந்தபோது அவள் ஷிப்ட் முடிந்து வரவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது அவள் வைத்துவிட்டுப் போன குடம் மட்டும் வரிசையில் இருந்தது. வரிசை நகர நகர, என் குடத்தோடு அதையும் காலால் முன்னே தள்ளிக்கொண்டே போனேன். நிரப்பி அவள் வாசலில் வைத்தேன். யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கோடுதான் இருக்கிறதே.